நாலாவது கம்பி

நேற்றே மாட்டியிருக்க வேண்டும். நேற்றே மாட்டி முறுக்கி விட்டிருந்தால் கம்பி அதன் பாட்டுக்கு இழுபட்டு, இறங்க வேண்டியது இறங்கி, இந்நேரம் ஒழுங்கு மரியாதையாக உட்கார்ந்திருக்கும். புதுக் கம்பியை மாட்டின கையோடு மேடையேற்றினால் பாதிப் பாட்டில் சுதி இறங்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். சொல்கிறவன் செய்தானா? செய்யவில்லை. நேற்று முழுக்க எந்தக் கம்பி, எந்தக் கம்பி என்று மண்டையை உடைத்துக்கொண்டே கழித்தேன். இப்போது மணி மூன்று ஐந்து. என் வீட்டுக்காரி கில்டா டியூட்டி முடிந்து நாலரைக்கு வருவாள். ஆறரைக்கு மேடை. பாயை விரித்து, பேஸ் கிடாரை அதன் மேல் மல்லாக்கப் போட்டு, இந்தப் பக்கம் ஓர் உறை, அந்தப் பக்கம் ஓர் உறை, இரண்டையும் பிரிக்காமல் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பெண் பார்க்கப் போன வீட்டில் அக்காவையும் தங்கையையும் ஒன்றாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்ட மாதிரி. இந்தப் பக்கம் இருப்பது நிக்கல், மெல்லிசு. விரலுக்கு இதமானது, இழுத்த இழுப்புக்கு வரும். அந்தப் பக்கம் இருப்பது ஸ்டீல், ஒரு சுற்று தடிமன். முரடு, விரலைத் தேய்க்கும், கிடார் கழுத்தில் பதித்த ஃப்ரெட்டையும் தேய்க்கும், ஆனால் லேசில் அறாது. அறக் கூடாது. இன்றைக்கு அது ஒன்றுதான் விஷயம். இன்றைக்குக் கம்பி அறுந்தால் கில்டாவுக்குக் கச்சேரிக் குழுவில் இடமில்லை. மெல்வின் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். குழுவை நடத்துகிறவன் அவன். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன், அதனால் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் போனில் சொன்னான். "லம்பர்ட்டு, தப்பா நெனைக்காத மக்கா. ஒரு தடவ ஆயிருச்சு, விட்டாச்சு. இன்னொரு தடவ மேடையில கம்பி அந்துச்சுன்னா பேஸையும் சுதன்ட்டயே குடுத்துருவேன். அவன் கீபோர்டுல இடது கையாலயே வாசிச்சிருவான். அதுல அறுக்கதுக்கு ஒண்ணுமில்ல பாத்துக்க." அறுப்பதற்கு ஒன்றுமில்லைதான். கேட்பதற்கும் ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கீபோர்டில் பேஸ். பெரிய இவன். ஒரு பொத்தானை அமுக்கினால் கும் என்று ஒரு சத்தம், அதற்குப் பேர் பேஸாம். கில்டா கட்டைவிரலை மடக்கித் தடிக் கம்பியில் ஒரு அடி அடித்து, அடித்த கை மேலே வரும்போதே ஆள்காட்டி விரலால் மெல்லிசுக் கம்பியைக் கொக்கி போட்டு இழுத்து விடுவாளே, அந்த டப்புக்கும் டங்குக்கும் நடுவில் ஒரு இம்மி இடைவெளி இருக்கிறது, அந்த இடைவெளியில்தான் மண்டபத்தில் பிரியாணிக்கு வரிசையில் நிற்கிறவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். அதை எந்தப் பொத்தானில் வைத்திருக்கிறான் சுதன்? நான் பதினோரு வருஷம் வாசித்தேன். எனக்கே அந்த இடைவெளி வந்ததில்லை. எனக்கு வந்தது எல்லாம் அறுப்பதுதான். மாதம் ஒரு கம்பி அறுப்பேன். இப்படி அடித்து இழுக்கிற ஸ்லாப் என்றால் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஓங்கி ஓங்கி அடிப்பேன், கம்பியைக் கிணற்றில் வாளி இழுக்கிற மாதிரி இழுப்பேன். கில்டா அடிப்பதே இல்லை. மணிக்கட்டைத் திருப்புகிறாள், அவ்வளவுதான். தெர்மாமீட்டரை உதறுவார்களே, அந்த உதறல். விரல் கம்பியில் பட்டவுடன் விலகிவிடும், பட்டதா என்றே சந்தேகமாக இருக்கும், சத்தம் மட்டும் நெஞ்சில் வந்து முட்டும். இழுப்பதும் அப்படியே. இத்தனூண்டு தூக்கி விடுவாள். கம்பிக்கு வலிக்குமோ என்று பார்க்கிறவள் மாதிரி. இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது? நான் இல்லை. எனக்கே தெரியாததை நான் எங்கே சொல்லிக் கொடுக்க.

உப்பு வேறு. தூத்துக்குடியில் ஜன்னல் கம்பியே மூன்று வருஷம் தாங்காது, கிடார் கம்பி எம்மாத்திரம். காற்றில் உப்பு, வேர்வையில் உப்பு. வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து வைத்தால் இரட்டிப்பு நாள் வரும். கில்டா துடைப்பாள், கம்பியின் அடிப்பக்கத்தைக்கூட விடாமல் துடைப்பாள், ஆஸ்பத்திரிக்காரி இல்லையா. எக்ஸ்ரே டெக்னீசியன். நாள் முழுக்க இருட்டறையில் நின்று, "மூச்சை இழுத்துப் புடிங்க... ம், இப்ப விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் தயிர் உறை ஊற்றும்போதுகூட வாய்க்குள் முணுமுணுப்பாள். என் கையையும் அவள்தான் எக்ஸ்ரே எடுத்தாள். எட்டு வருஷம் ஆகிறது. துறைமுகத்தில் கன்டெய்னர் கதவு காற்றுக்கு வீசி அடித்து இடது கையை வாங்கிக்கொண்டது. அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிதான் பக்கத்தில். துண்டைச் சுற்றிக்கொண்டு போய் நின்றால், உள்ளே இருந்தவள் என் பெண்டாட்டி. முகம் வெளுத்துவிட்டது அவளுக்கு. ஆனாலும் கையைத் தட்டில் வைத்து, விரலை விரலாகப் பிரித்து, அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு சொன்னாள்: "மூச்சை இழுத்துப் புடிங்க." கைக்கு எக்ஸ்ரே எடுக்க எதுக்குடி மூச்சைப் பிடிக்கணும்? அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிடித்தேன். அவள் "விடுங்க" என்று சொல்ல மறந்துவிட்டாள். நடுவிரலும் மோதிர விரலும் அன்றோடு சரி, இருக்கின்றன, மடங்காது. மடங்காத விரலை வைத்துக்கொண்டு பேஸ் கிடாரில் என்ன பிடிக்க முடியும்? கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால் ஒரு கம்பியை முறுக்காணியில் சுற்றலாம். அதுதான் முடியும். அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

ஆறு மாசம் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கிடார் ஆணியில் தொங்கியது, நான் கட்டிலில் கிடந்தேன். இரண்டு பேருமே தூசி படிந்துபோனோம். ஒருநாள் சாயங்காலம் முன்னறையில் டப் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து டங். எட்டிப் பார்த்தால் கில்டா நைட்டியோடு ஸ்டூலில் உட்கார்ந்து, கிடாரை மடியில் போட்டு, நான் எப்போதும் பிராக்டீஸ் பண்ணுகிற வரியைத் தடவித் தடவி வாசித்துக்கொண்டிருக்கிறாள். ஆறு வருஷமாக எனக்கு எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்தவள், சட்டை மடித்தவள், பார்த்தே பிடித்திருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. பிடுங்கி எறிந்துவிடலாம் என்றுதான் வாசல்படி வரை போனேன். போனவன் கேட்டேன். அந்த இம்மி இடைவெளி அதற்குள்ளேயே இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்து, திட்டுவேன் என்று நினைத்து, "கம்பி எல்லாம் துரு ஏறிக் கெடக்கு, மாத்தித் தாரியளா?" என்றாள். மாற்றிக் கொடுத்தேன். ஆறு மாசத்தில் நான் செய்த முதல் வேலை அது. அன்றிலிருந்து வாசிப்பது அவள், கம்பி என்னுடையது. எது வாங்குவது, எப்போது மாற்றுவது, எப்படிச் சுற்றுவது, எல்லாம் என் பொறுப்பு. அவள் ஒருநாளும் தலையிட்டதில்லை. கேட்டால், "உங்களுக்கு எது சரின்னு படுதோ" என்பாள். அந்த நம்பிக்கையைப் பார்த்தால் சில சமயம் பயமாக இருக்கும்.

அப்படி இருந்தும் அறுந்தது. மூன்று வாரம் ஆகிறது. நாலு பாட்டு வாசித்தாயிற்று, ஐந்தாவது பாட்டில் எல்லாரும் நிறுத்துவார்கள், டிரம்ஸ் உட்பட, எட்டுத் தாளம் கில்டா மட்டும். இரண்டாவது தாளத்தில் ணங் என்று போயிற்று மெல்லிசுக் கம்பி. சுருண்டு வந்து அவள் மணிக்கட்டில் கீறியதை நான் மேடைக்குக் கீழே இருந்து பார்த்தேன். நின்றாளா? நிற்கவில்லை. போன கம்பியில் இழுக்க வேண்டியதையெல்லாம் பக்கத்துக் கம்பிக்கு மாற்றி, எட்டுத் தாளத்தையும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஒன்றும் தெரியாது, கை தட்டினார்கள். மெல்வினுக்குத் தெரியும். இறங்கினதும் கத்தினான். அவள் கைக்குட்டையால் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டே, "என் தப்புதாண்ணே. ஓங்கி இழுத்துட்டேன்" என்றாள். ஓங்கி இழுத்துவிட்டாளாம். கில்டா. ஓங்கி. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கா உறைக்கும்? ஸ்கூட்டரை அவள் ஓட்டுகிறாள், நான் கிடாரை அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், பீச் ரோடு முழுக்க ஒரே உபதேசம். "நாந்தான் சொன்னேன்லா? இழுக்கும்போது வெளிப்பக்கமா தூக்காத, பாதி பலம் போதும், கம்பி என்ன கயிறா? நீ சொன்னேன்னு இன்னைக்குத்தான் அந்த ஒரு கம்பிய மாத்துனேன், அதுக்குள்ள இன்னொண்ண அறுத்துட்ட." ஹெல்மெட்டுக்குள் இருந்து "ஆமா" என்று மட்டும் ஒரு சத்தம் வந்தது. இப்போது நினைத்தால் அந்த "ஆமா" என்னமோ மாதிரி இருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

சரி, ஸ்டீல். ஸ்டீலே போடுவோம். முரடாக இருந்தால் இருக்கட்டும், அவள் விரல் தாங்கும். உள்ளே ஓடுகிற கம்பி ஆறு பட்டை, மேலே சுற்றின சுற்று அதைக் கவ்விப் பிடித்திருக்கும், அடிக்குத் தாங்கும். பூச்சு பூசினது ஒன்று வருகிறது, உப்புக்கு நல்லது, ஆனால் அந்த டங் மந்தமாகிவிடும். அந்த டங் இல்லாமல் எதற்குக் கில்டா. உறையைப் பிரித்தாயிற்று. பழைய கம்பிகளைக் கழற்றியாயிற்று. அடுத்தது பிரிட்ஜ். கம்பி உட்கார்கிற பள்ளத்தில் பிசிர் இருந்தால் எவ்வளவு நல்ல கம்பியும் அந்த இடத்திலேயே அறுபடும். பஞ்சைத் திரித்து ஒவ்வொரு பள்ளத்திலும் இழுத்துப் பார்க்க வேண்டும், பஞ்சு சிக்கினால் பிசிர் என்று அர்த்தம். ஒன்றும் சிக்கவில்லை. ஸ்பேர் வேண்டும், பையில் போட்டுக்கொண்டு போக. பிஸ்கட் டப்பாவில் பழசெல்லாம் சுருட்டி வைத்திருக்கிறேன். இதோ, மூன்று வாரத்துக்கு முன்னால் கழற்றின தடிக் கம்பி. இதைத்தான் அவள் மாற்றச் சொன்னாள். டியூட்டியில் இருந்து போன் பண்ணினாள், பின்னால் யாரோ இருமுகிற சத்தம். "ஏங்க, நாலாவது கம்பி விரல்ல நெருடுது, மாத்தி வச்சிருங்க, நான் நேரா மேடைக்கு வந்துருதேன்." மாற்றினேன். முழு செட் அப்போது கையில் இல்லை, ஒற்றைக் கம்பிகள் இரண்டு மூன்று கிடந்தன, நாலாவதை மாற்றி, நானே கிடாரைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போய்விட்டேன். ஸ்பேருக்கு ஆகுமா என்று இப்போது விரலை ஓட்டிப் பார்க்கிறேன். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. வழுவழு என்று போகிறது. எங்கே நெருடுகிறது? திரும்ப ஓட்டுகிறேன். நகத்தால் ஓட்டுகிறேன். நெருடல் என்று ஒன்றுமே இல்லை. நல்ல கம்பி. இன்னும் ஆறு மாசம் தாராளமாக வரும். இதையா நெருடுது என்றாள்? கில்டா விரலுக்கு நெருடினால் நெருடத்தான் செய்யும், அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. எங்கே போயிற்று நெருடல்? டப்பாவில் கிடந்தால் நெருடல் ஆறிப்போகுமா, புண்ணா அது? கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடி ஓட்டுகிறேன். இல்லை. நாலாவது கம்பி நெருடுது. நாலாவது. நெருடுது. அறுந்துபோன மெல்லிசுக் கம்பியும் இதே டப்பாவில் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. எதற்கு அதை எடுக்கிறேன் என்று தெரியாமல் எடுக்கிறேன். விரலை ஓட்டுகிறேன். மீன் செதிலை எதிர்ப்பக்கமாகத் தடவினது மாதிரி பொரபொரவென்று இருக்கிறது. அறுந்த இடத்தில் துரு. இவள் ஏன் இதைச் சொல்லாமல் அதைச் சொன்னாள்?

பஞ்சு சிக்காவிட்டாலும் ஒரு மனத்திருப்திக்குப் பள்ளத்தை உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்துவிடலாம் என்று எழுந்தேன். தூள் விழுந்து மரத்தைக் கீறாமல் இருக்க, நான் எப்போதும் கீழே ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கொடுப்பது வழக்கம். பீரோ மேல் இருந்தது. தூசி தட்டி ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். யாருடைய நெஞ்சோ. வெள்ளை வெள்ளையாக விலா எலும்புகள், மேலிருந்து கீழாக. எல்லாம் டிஜிட்டல் ஆவதற்கு முன்னால் இந்த மாதிரி ஃபிலிமை வீட்டுக்குக் கொண்டுவருவாள், கிரகணத்துக்குத் தெருவே வாங்கிப் பார்க்கும். ஒரு தடவை இதே ஜன்னலில் வைத்து எனக்குக் காட்டியிருக்கிறாள். கழுத்தெலும்புக்குக் கீழே விரலை வைத்து, "இது ஒண்ணு. ரெண்டு. மூணு. இந்தா, நாலாவதுல கீறல் தெரியுதா?" கீழே இருந்து எண்ணினால் என்ன என்று கேட்டேன், வம்புக்கு. "எலும்ப எல்லாரும் மேல இருந்துதான் எண்ணுவாங்க. கீழ இருந்து எண்ணுனா வேற எலும்புக்குல்லா கட்டுப் போடுவாங்க" என்று சிரித்தாள். வேற எலும்புக்கு. மேலே இருந்து. ஒண்ணு ரெண்டு மூணு நாலு. ஃபிலிமைக் கையில் பிடித்தபடியே நின்றேன். எனக்குப் பாடம் சொன்ன மாஸ்டர் முதல் நாளே சொன்னது, கிடாரில் மெல்லிசுதான் ஒன்றாவது, தடிசுதான் நாலாவது, எந்த நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தாலும் அப்படித்தான். கில்டாவுக்கு மாஸ்டர் கிடையாது. அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டவள். எதிரே இருந்து பார்த்தாலும் சரி, மடியில் வைத்துப் பார்த்தாலும் சரி, மேலே இருப்பது தடிசு. கடைசியில் இருப்பது மெல்லிசு. மேலிருந்து எண்ணினால் நாலாவது கம்பி மெல்லிசு. அடப்பாவி. அவள் சரியான கம்பியைத்தான் சொன்னாள். நான்தான் வேற எலும்புக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன்.

எட்டு வருஷத்தில் ஒருநாளாவது இது தெரிந்திருக்காதா என்றால், எப்படித் தெரியும்? மாற்றினால் நாலையும் சேர்த்து மாற்றுவோம். ஒன்றைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் விரலால் தொட்டுக் காட்டுவாள். அன்று ஒருநாள்தான் போன். தொட்டுக் காட்ட முடியாத அந்த ஒருநாள். பீச் ரோடு முழுக்க நான் பேசின பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வருகிறது. கம்பி என்ன கயிறா. பாதி பலம் போதும். யாருக்குச் சொன்னேன்? யாருக்கு? இதை இப்படியே விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, டப்பாவை மூடினால் முடிந்தது, அவள் தப்பு என்று அவளே ஒத்துக்கொண்டாயிற்று, இன்றைக்கு அறாவிட்டால் எல்லாரும் மறந்துபோவார்கள். அப்படியும் ஒரு நினைப்பு வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். கூடவே ஒரு பயம். இந்த வீட்டில் என் கையில் இருக்கிற ஒரே வேலை இதுதான், இதையும் உருப்படியாகச் செய்யத் தெரியாது என்று ஆகிவிட்டால் நான் யார்? மறுபடியும் அந்தக் கட்டில்தானா? ஆனால் மெல்வின் அவளைப் பார்த்துக் கத்தினானே. எல்லார் முன்னாலும். போனை எடுத்துவிட்டேன், யோசித்தால் எடுக்க மாட்டேன் என்று தெரியும். "மெல்வினு, அன்னைக்கு அந்தது கில்டா தப்பு இல்லடே. அவ மாத்தச் சொன்னது ஒரு கம்பி, நான் மாத்துனது வேற கம்பி. அவ மேல இருந்து எண்ணியிருக்கா, நான் கீழ இருந்து எண்ணிட்டேன்." அந்தப் பக்கம் மேசை இழுக்கிற சத்தம், யாரோ மைக்கில் ஒன் டூ சொல்கிற சத்தம். "அதான பாத்தேன்" என்றான் மெல்வின். "மேல இருக்க தடிக் கம்பி மட்டும் புதுசா பளபளன்னு மின்னிச்சு. இவன் என்னடா ஒண்ண மட்டும் மாத்தியிருக்கான்னு அன்னைக்கே நெனச்சேன். எண்ணத் தெரியாமத்தான் இத்தன வருஷம் குப்ப கொட்டுனியாக்கும்? சரி விடு. அதுக்காக இன்னைக்குக் கம்பி அந்தா சும்மா விட்டுருவேன்னு நெனைக்காத. சீக்கிரம் வாங்க." வைத்துவிட்டான்.

பளபளன்னு மின்னிச்சு. மேடையில் பத்தடி தள்ளி நிற்கிற மெல்வினுக்குத் தெரிந்திருக்கிறது. மெல்வினுக்கே தெரிந்தால், அந்தக் கம்பியிலேயே கட்டைவிரலை வைத்திருந்தவளுக்கு? கிடாரைத் தோளில் மாட்டின அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். விரலை மெல்லிசில் வைத்ததும் நெருடியிருக்கும். மாற்றச் சொன்ன கம்பி மாறவில்லை, மாற வேண்டாத கம்பி மாறியிருக்கிறது. மேடைக்குக் கீழே நான் பெருமையாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஆட்டினாள், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு நாலு பாட்டு. அந்த நாலு பாட்டிலும் மெல்லிசைத் தொடவே இல்லை என்று நான் கீழே நின்று பல்லைக் கடித்தேன், ஏன் இன்றைக்கு இவள் சோம்பேறித்தனமாக வாசிக்கிறாள், எல்லாவற்றையும் பக்கத்துக் கம்பியிலேயே இழுத்து ஒப்பேற்றுகிறாளே என்று. ஒப்பேற்றவில்லை, மடையா. சாகக் கிடக்கிற கம்பியைத் தொடாமல் தாங்கித் தாங்கி நாலு பாட்டைக் கடத்தியிருக்கிறாள், ஒருத்தர் காதுக்கும் குறை தெரியாமல். ஐந்தாவது பாட்டில் வேறு வழியில்லை, அந்த எட்டுத் தாளத்துக்கு மெல்லிசு வேண்டும். தெரிந்தே இழுத்திருக்கிறாள். அது வந்து மணிக்கட்டில் அடிக்கும் என்று தெரிந்தே. என் வாழ்நாளில் நான் பார்த்த பெரிய வாசிப்பு அதுதான், அதைப் பார்த்துக்கொண்டே பல்லைக் கடித்திருக்கிறேன். அப்புறம் "என் தப்புதாண்ணே." அப்புறம் அந்த "ஆமா."

இன்னொன்றும் இருக்கிறது. இப்போதுதான் தட்டுப்படுகிறது. இந்த மூன்று வாரமாக அவள் கம்பிக்கு எண் சொல்லவே இல்லை. ஒப்புக்குப் பழைய மெல்லிசு ஒன்றை மாட்டிக் கொடுத்தேன், அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "அந்தச் சின்னக் கம்பி" என்றாள். "தடிக் கம்பி கொஞ்சம் இறங்குது" என்றாள். "நடுவுல இருக்கது" என்றுகூட ஒரு தடவை சொன்னாள். இதென்ன குழந்தைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். எண்ணுவதையே தொழிலாக வைத்திருக்கிறவள், பன்னிரண்டு விலாவையும் மனப்பாடமாகச் சொல்கிறவள், ஒன்று இரண்டு மூன்றை வாயிலிருந்தே எடுத்துவிட்டாள். எண் சொன்னால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று. கண்டுபிடித்தால் நொறுங்கிப்போவேன் என்று. கில்டா, கில்டா. நான் மடங்காத விரலைத்தான் யாருக்கும் தெரியாமல் பாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டு திரிகிறேன். நீ எனக்காக எண்களையே ஒளித்து வைத்திருக்கிறாய். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டேன், கம்பியில் பட்டால் அதுவும் உப்புத்தான்.

மாட்டினேன். இவ்வளவு பொறுமையாக நான் எந்தக் கம்பியையும் மாட்டியதில்லை. முதலில் தடிசு. முறுக்காணிக்கு அப்பால் நாலு விரல்கடை விட்டு, கம்பியை மடக்கி, மடக்கின பிறகுதான் வெட்டினேன். வெட்டிவிட்டு மடக்கினால் மேல்சுற்று உள்கம்பியை விட்டு நழுவிவிடும், பிறகு அது உயிர் இல்லாத கம்பி. மேலிருந்து கீழாக இரண்டரைச் சுற்று, ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல். இரண்டாவது. மூன்றாவது. மெல்லிசுக்கு மூன்று சுற்று விட்டேன், பள்ளத்தில் பென்சில் முனையால் தேய்த்து வழுக்கல் கொடுத்தேன், சுதி ஏற்றி, உள்ளங்கையால் தூக்கித் தூக்கி இழுத்துவிட்டு, இறங்கினதை மறுபடி ஏற்றி, மறுபடி இழுத்து, ஆறு தடவை. ஏழாவது தடவை இறங்கவில்லை. வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மணி நாலு முப்பத்தெட்டு. கில்டா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தாள், நெற்றியெல்லாம் வேர்வை, கழுத்தில் இன்னும் ஆஸ்பத்திரி அட்டை தொங்குகிறது. "சாப்பிட்டியளா?" என்றாள். சாப்பிடவில்லை என்று தட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டு ஒரு முறை முறைத்தாள். கையை சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து கிடாரை வாங்கி மடியில் போட்டாள். கட்டைவிரலால் மேலே ஒரு தட்டு. அறை அதிர்ந்தது. "ஸ்டீலா போட்டிய? தடிக் கம்பி நல்லா உக்காந்திருக்கு" என்றாள். பிறகு, தலையைத் தூக்காமல், ரொம்பச் சாதாரணமாக, "அந்தச் சின்னக் கம்பி எப்படி?"

"நாலாவதுதான?" என்றேன்.

அவள் கை நின்றது. மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள். பாயில் பிஸ்கட் டப்பா திறந்து கிடந்தது, பக்கத்தில் அறுந்த கம்பி, அதன் பக்கத்தில் அறாத கம்பி, ஜன்னலோரம் யாருடைய நெஞ்சோ. எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தாள்.

"எங்க இருந்து எண்ணுனிய?"

"மேல இருந்து. எலும்ப எல்லாரும் மேல இருந்துதான எண்ணுவாங்க."

அவள் மணிக்கட்டில் அந்தக் கீறல் காய்ந்து ஒரு வெள்ளைக் கோடாக இருந்தது. "மெல்வின்ட்ட சொல்லிட்டேன்" என்றேன். "இன்னும் உன்ட்டதான் சொல்லல." அவள் கிடாரை இழுத்துச் சரியாக வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை நாலாவது கம்பிக்கு அடியில் கொக்கி போட்டாள்.

"மூச்சை இழுத்துப் புடிங்க" என்றாள்.

பிடித்தேன். எட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கில்டா ஓங்கி இழுத்தாள், உண்மையிலேயே ஓங்கி, கிணற்றில் வாளி இழுக்கிற மாதிரி, நான் இழுக்கிற மாதிரி. டங் என்று ஜன்னல் கண்ணாடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது சத்தம். கம்பி அப்படியே இருந்தது. அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, உள்ளங்கையால் கம்பியைப் பொத்தினாள்.

"இப்ப விடுங்க."